மூச்சு வாங்கினால் முடிந்துவிட்டதா?

(யூபிலி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு, ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 



கடலூரில் பஸ் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாம் தாண்டிச் சிதம்பரம் போய்ச் சேருகிறோம். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மாரத்தான் என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அந்த ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதாவது இங்கே புறப்பட்டுச் சிதம்பரம் கீழவீதி வரை ஓடிப் போவதற்கு ஏறக்குறையச் சமம். யாரும் பயப்பட வேண்டாம். நமது யூபிலி ஓட்டம் ஐந்து கிலோமீட்டர்தான். கோயிலில் புறப்பட்டு வெள்ளிக் கடற்கரைப் பக்கம் போய்த் திரும்புகிறோம்.

பெயர் கொடுத்தபோது உங்களிடம் இருந்த உற்சாகம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்குள்ளாகவே பலர் ஒருவர் பின் ஒருவராக வந்து, “சாமி, என் பேரை அடிச்சிடுங்க” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நேரமில்லை, முழங்கால் வலி, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஆளுக்கொரு காரணம். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை வியாதி உண்டு. நடக்கவும் மெல்ல ஓடவும் டாக்டரே சொல்லியிருக்கிறார். அவருடைய தகப்பனார் இதே வியாதியால் ஒரு காலை இழந்தவர். “மூணு நாள் ஓடிப் பார்த்தேன் சாமி. நாலு விளக்குக் கம்பம் தாண்டறதுக்குள்ள உயிர் போகுது. எனக்கு அந்த உடம்பு இல்லை” என்றார்.

எப்படி ஓடினீர்கள் என்று கேட்டேன். “பசங்க ஓடற மாதிரிதான்” என்றார்.

அன்பர்களே, இங்கேதான் சங்கதி இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில், நூறு மீட்டர் பந்தயத்தில். ஓட்டம் என்றால் பாய்ச்சல் என்றே கால்கள் நினைத்திருக்கின்றன. முப்பது வருஷம் கழித்து அதே வேகத்தில் கிளம்பினால் ஒரு நிமிடத்தில் மூச்சு முட்டத்தான் செய்யும். நாம் அதை வேகத்தின் குற்றமாக எண்ணுவதில்லை. நம் குற்றமாக எண்ணிக்கொள்கிறோம். “எனக்கு அந்த உடம்பு இல்லை” என்று நமக்கு நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். மூச்சு சொன்னது, கொஞ்சம் மெதுவாகப் போ என்று மட்டுந்தான்.

ஆகவே அவருக்கு ஒரே ஒரு யோசனை சொன்னேன். ஓடும்போது மங்கள வார்த்தை செபத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். திக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. வார்த்தை பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். உடனே நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே ஆரம்பக்காரருக்கு உரிய வேகம் என்று பயிற்சியாளர்கள் சொல்லுவதும் இதைத்தான். நான் அதற்கு ஒரு செபத்தைச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவே.

1996-ஆம் ஆண்டில் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஆரம்பக்காரர்களுக்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய தம் தாயாரை மனத்தில் வைத்து அதை எழுதினாராம். வாரத்துக்கு மூன்றே நாட்கள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, அறுபது விநாடி மெல்லோட்டம், தொண்ணூறு விநாடி நடை, மறுபடி ஓட்டம், மறுபடி நடை என்று இருபது நிமிடம். அறுபது விநாடி என்பது ஏறக்குறைய மூன்று மங்கள வார்த்தை. இதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை அந்தத் திட்டம். ஒன்பதாம் வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைத்துவிடுகிறது. இங்கிலாந்து அரசாங்கத்தின் மருத்துவத் துறையும் இதைத் தன் மக்களுக்குச் சிபாரிசு செய்கிறது. நடுவில் நடப்பது தோல்வி என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடை அந்தத் திட்டத்திலேயே அடக்கம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மூன்றாம், நான்காம் வாரத்தில் மூச்சு பழகிவிடும். “ஆஹா, வந்துவிட்டது” என்று தூரத்தை இரட்டிப்பாக்கத் தோன்றும். இருதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகினாலும், எலும்பும் தசைநாண்களும் பழகப் பல மாதங்கள் ஆகும். முழங்காலும் கணைக்காலும் நோவது அந்த அவசரத்தால்தான். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் மட்டும் செபம் சொல்லிப் பார்க்கவேண்டாம். உடனே நின்று டாக்டரிடம் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்கவேண்டும். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். ஓடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம் உண்டா என்று பார்ப்பதும் அவசியம்.

நம் ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகமாதலால் அது எளிதில் உலராது. சித்திரை, வைகாசியில் நேற்று ஓடிய தூரத்தை இன்று ஓட முடியவில்லை என்றால் பலவீனர் ஆகிவிட்டோம் என்று அர்த்தமல்ல. விடியுமுன் கிளம்புங்கள், வேகத்தைக் குறையுங்கள். தேவனாம்பட்டினத்து மணலில் ஓட ஆசையாகத்தான் இருக்கும். காய்ந்த மணல் காலை இழுக்கும். அலையோரத்து ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். முதல் மாதம் சாலையே நல்லது.

பவுலடியார் என்று இப்போது சொல்லும் நம் புனித சின்னப்பர், கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தார். அந்தப் பட்டணத்துக்கு அருகில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. கேட்டவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். ஓடுகிறவர் பலர், பரிசு பெறுகிறவர் ஒருவர் என்கிறார் அவர். பந்தயத்துக்கு அது உண்மை. நம் யூபிலி ஓட்டத்தில் முதல் பரிசே கிடையாது என்று பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. (இளைஞர் மன்றத்துக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம். பொறுத்துக்கொள்ளட்டும்.)

மெதுவாக ஓட வெட்கப்படுகிறவர்களுக்கு ஃபௌஜா சிங் என்ற சீக்கியப் பெரியவரைக் காட்ட விரும்புகிறேன். ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கால்கள் மெலிந்திருந்ததால் ஐந்து வயது வரை நடக்கவில்லை என்று சொல்லுவார்கள். 1992-இல் மனைவியை இழந்து இங்கிலாந்தில் இருந்த மகனிடம் போனார். 1994-இல் இன்னொரு மகன் விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தில்தான் ஓடத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டில் லண்டன் மாரத்தானில் ஓடியபோது வயது 89. 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2011-இல், நூறாவது வயதில், டொராண்டோவில் 8 மணி 11 நிமிடம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தார் அதை ஏற்கவில்லை. அவர் ஓடியது ஓடியதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். சந்தைக்குப் போய் வரும் நம் அம்மாமார்களின் நடை வேகம்! கடைசி ஆறு மைல் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவேன் என்று அவர் சொன்னதாகப் படித்தேன். 2025 ஜூலையில், சொந்தக் கிராமத்துச் சாலையில் வாகனம் மோதி, 114-ஆம் வயதில் காலமானார்.

மரியாயின் சேனைப் பெண்களின் தயக்கம் வேறு. “நாலு பேர் பார்த்தால் என்ன சொல்லுவார்கள்?” நாலு பேர் மட்டுமல்ல, ஒலிம்பிக் நிர்வாகிகளே தப்பாகச் சொன்னதுண்டு. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். முடிவில் சிலர் களைத்து விழுந்தார்கள் என்பதைக் காட்டி, பெண்களுக்கு இது ஆகாது என்று எடுத்துவிட்டார்கள். 1960-இல் ரோமில்தான் மறுபடி வைத்தார்கள். பெண்களின் மாரத்தான் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வந்தது. களைத்து விழுந்த ஆண்களைக் காட்டி ஆண்களின் ஓட்டத்தை யாரும் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊக்கம் நாள்தோறும் இராது. குருமடத்தில் அதிகாலை மணி அடிக்கும். எழுந்திருக்க விருப்பமா என்று அந்த மணி எங்களை ஒரு நாளும் கேட்டதில்லை. பத்து நிமிடம் கழித்துக் கோயிலில் இருப்போம், விருப்பம் மெல்லப் பின்னால் வந்து சேரும். ஆகவே கிழமையும் நேரமும் முன்னாலேயே குறித்துவிடுங்கள். தனியாகவும் கிளம்பாதீர்கள். சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிலையிலிருந்து முதல் முழம் நகர்த்துவதுதான் பெரும்பாடு. உருளத் தொடங்கிய தேருக்கு அவ்வளவு பலம் வேண்டாம். அந்த முதல் முழத்துக்குத்தான் வடத்தில் அத்தனை கைகள். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் போர்வையை விலக்குவது சுலபம்.

அந்த நாற்பத்தெட்டு வயதுக்காரர் இப்போது பத்து நிமிடம் நிற்காமல் ஓடுகிறார். கூட அவர் மகள் சைக்கிளில் வருகிறாள். சர்க்கரை குறைந்ததா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். யூபிலி நாளன்று ஐந்து கிலோமீட்டரும் ஓடுவாரா, பாதி நடப்பாரா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வருகிற சனிக்கிழமையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கோயில் வாசலில் கூடுவோம். பூசைக்குப் பிந்துகிறவர்களும் இதற்குப் பிந்தவேண்டாம். தெருநாய்களுக்குப் பயப்படுகிறவர்கள் கூட்டத்தின் நடுவில் வரட்டும். நாய் துரத்தினால் ஓடாமல் நின்றுவிடுங்கள், அன்றைக்கு மட்டும் ஓட்டம் உதவாது. திரும்பும் இடத்தில் உபதேசியார் தண்ணீர்ப் பானையோடு நிற்பார். கடைசியாக வருகிறவர் வந்து சேரும்வரை அவர் பானையை எடுக்கமாட்டார் என்று சொல்லியிருக்கிறார்.