வார்டோவில் யார் சம்பாதிக்கிறார்கள்?



ஒஸ்லோவில் இந்தப் பட்டமளிப்பு மேடையில் பேச வந்தாலும், உங்களை நோர்வேயின் வடகிழக்குக் கடைக்கோடிக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். அங்கே வார்டோ என்றொரு தீவு நகரம் இருக்கிறது. எண்பதுகளில் நம் இலங்கைத் தமிழர்கள் அங்கேயும் பக்கத்துப் போட்ஸ்பியோர்டிலும் மீன் தொழிற்சாலைகளில், கையுறைக்குள் விரல் விறைக்க நின்று மீன் வெட்டினார்கள். இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் சில பெற்றோருக்கு அந்தக் குளிரை நான் விளக்கத் தேவையில்லை.

அவர்களில் பலர் பிறகு தெற்கே இறங்கி ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார்கள். வார்டோவில் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. அரை நூற்றாண்டில் வார்டோவின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியானது. மிஞ்சியவை காற்றும், பூட்டிய மரவீடுகளும், எதிரே கடலில் ஹோர்னோயா தீவும்தான். அந்தத் தீவின் செங்குத்துப் பாறைக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் பல்லாயிரம் கடற்பறவைகள் வந்து சேர்கின்றன. சிவந்த அலகோடு கோமாளி போல நிற்கும் லுண்டே பறவையும் அவற்றில் ஒன்று. ஊர்க்காரருக்கு அது புதினமில்லை. பறவையைப் பார்க்க ஒருவர் காசு கொடுத்து வருவார் என்பதுதான் புதினம்.

2009-இல் தூர்மூட் அமுண்ட்சென் என்ற கட்டடக் கலைஞர் அங்கே குடியேறி, பியோடோப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சுற்றியுள்ள வாரங்கர் கரையெங்கும் காற்றைத் தடுத்து, பறவையை வெருட்டாமல் பார்க்க உதவும் சின்னச்சின்ன மர மறைவிடங்கள் எழுந்தன. இன்று மார்ச் மாதப் பனியிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். போட்ஸ்பியோர்ட் துறைமுகத்தில் ஆர்க்டிக் வாத்துகளைப் படமெடுக்க மிதக்கும் மறைவிடம்கூட உண்டு. ஹோர்னோயாவில் இறங்குபவர் குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. படகுக்காரர், விடுதிக்காரர், உணவகக்காரர் என்று ஊருக்குள்ளேயே பணம் சுற்றுகிறது.

இதைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். மூடிய மீன் ஆலைகள் தந்த அத்தனை வேலைகளையும் பறவைகள் திருப்பித் தந்துவிடவில்லை. 2023 கோடையில் பறவைக் காய்ச்சல் வாரங்கர் கரையில் கிரிக்கியே பறவைகளை ஆயிரக்கணக்கில் கொன்றது. கடல் வெப்பமேறினாலும் இரை மீன் விலகினாலும் எந்தப் பயணச்சீட்டாலும் அதைத் தடுக்க முடியாது. சூழல் சுற்றுலாவைக் காப்புறுதிப் பத்திரம் என்று விற்பவர்களை நான் நம்புவதில்லை.

இப்போது தெற்கே, ட்ரோல்துங்காவைப் பாருங்கள். 2010-இல் அந்தப் பாறை நாக்குக்கு நடந்து போனவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. 2016-இல் ஏறத்தாழ 80,000. இடையில் பாறை வளரவில்லை, வளர்ந்தது இன்ஸ்டாகிராம்தான். போய்வரப் பத்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் மலைவழியில் சப்பாத்துக்கூடச் சரியில்லாமல் ஏறியவர்களைத் தேடி, இரவில் தம் வேலையை விட்டுப் போனவர்கள் பக்கத்து ஊர்த் தொண்டர்கள். மலையில் மீட்பதற்குக் கட்டணம் இல்லை. நடப்பதற்கும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டம், பயிரிடாத திறந்த நிலத்தில் எவரும் நடக்கலாம் என்ற பழைய உரிமையை எழுத்தில் உறுதிப்படுத்தியது. வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் போடலாம். இந்த நாட்டில் நான் மிகவும் மதிக்கும் சட்டம் அது. ஆனால் பக்கத்து வீட்டாரை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தை, உலகம் முழுவதும் ஒரே படத்துக்காக வந்து நின்று பயன்படுத்தும்போது, குப்பையும் கழிப்பறையும் சின்னக் கொம்யூன் எனும் உள்ளூராட்சியின் தலையில் விழுகின்றன. 2025 ஜூனில் நாடாளுமன்றம், நெருக்கடி மிகுந்த கொம்யூன்கள் தங்குமிடக் கட்டணத்தில் 3 சதவீதம் வரை அறவிட வழிவிட்டது. தாமதம்தான். ஆனாலும் எவ்வளவு வேண்டும், எதற்குச் செலவிடலாம் என்ற பேச்சு ஊர்மன்றத்துக்கு வந்துவிட்டதே, அதுதான் எனக்குப் பெரிது.

யார் சம்பாதிக்கிறார்கள் என்ற கேள்விதான் கேரளத்துத் தேக்கடியிலும் எழுந்தது. தொண்ணூறுகளின் இறுதியில், பெரியாறு காட்டில் வயண மரப்பட்டை திருடி வழக்குகளில் சிக்கியிருந்தவர்களையே வனத்துறை வழிகாட்டிகளாக்கியது. காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். பயணிகள் தந்த கூலி அவர்கள் வீட்டுக்கே போனதால், முன்பு களவுக்கு உதவிய அந்த அறிவு காவலுக்குத் திரும்பியது.

உங்களில் பலர் கோடையில் இலங்கையில் உள்ள ஊருக்குப் போவீர்கள். சிலர் முதலீட்டோடும் போவீர்கள். நெடுந்தீவில் குதிரைகள் இருக்கின்றன, வங்காலையில் குளிர்காலத்துப் பூநாரைகள் இருக்கின்றன. இரண்டையும் விற்க முடியும். கொழும்பிலோ ஒஸ்லோவிலோ இருந்தபடி ஒரு செயலியில் பதிவு வாங்கி, நெடுந்தீவுக்கு ஏற்றிச்செல்லும் குறிகட்டுவான் படகுக்காரருக்குக் கூலி மட்டும் கொடுப்பது எளிது. அதற்கு முன் அந்தப் படகுக்காரரோடும், வங்காலை மீனவர் சங்கத்தோடும், அங்கே கருவாடு போடும் அக்காமாரோடும் உட்கார்ந்து இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம்? யாரும் வரவே கூடாத மாதம் எது? அவர்கள் சொல்லும் எண்ணிக்கை உங்கள் வணிகத் திட்டத்துக்குக் குறைவாக இருந்தால், திட்டத்தைத் திருத்துங்கள். பங்கு எழுதும்போதும் அவர்கள் பெயரைச் சேர்த்து எழுதுங்கள்.