டிஎஸ்ஹெச் நார்மல், ஆனா உடம்பு சரியில்லையே?

பாரிவாக்கத்துல எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. வயசு 38. எப்பவும் அசதி, மலச்சிக்கல், சித்திரை வெயில்லயும் ஃபேன் வேண்டாம்பாங்க. "தைராய்டுதான்"னு அவங்களே முடிவு பண்ணி, பூந்தமல்லி போய் ரத்தம் கொடுத்தாங்க. டிஎஸ்ஹெச் 2.3. "எல்லாம் நார்மல்"னு அனுப்பிட்டாங்க. அன்னையிலேர்ந்து வீட்டுல, "சும்மா நினைச்சுக்கறே"ங்கற பேச்சு.

டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு மந்தமானால் உத்தரவு கூடும். ரிப்போர்ட்டில் அந்த எண் 4, 5ஐத் தாண்டும். அதனால பெரும்பாலானவங்களுக்கு டிஎஸ்ஹெச் நார்மல்னா தைராய்டும் நார்மல்தான். அசதிக்குக் காரணம் வேற இருக்கும். முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்புறம் பி12, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறீங்களா? அது சில லேப் முறைகளில் டிஎஸ்ஹெச்சைக் குறைச்சுக் காட்டும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு, டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க.

இன்னொரு சாத்தியமும் உண்டு, அரிதுதான். உத்தரவு போடுற பிட்யூட்டரியே பழுதானா? அப்போ டிஎஸ்ஹெச் நார்மலாவே தெரியலாம். ஃப்ரீ டி4தான் குறைஞ்சிருக்கும். பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டு பிட்யூட்டரி பாதிக்கப்படுவதை ஷீஹன் என்ற மருத்துவர் 1937இல் விவரித்தார். தாய்ப்பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்ப வராது. மற்ற அறிகுறிகள் தெரிய வருஷக்கணக்கில்கூட ஆகலாம்.

அக்காவுக்கு ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் ஏத்தியிருக்காங்க. பால் சுரக்கலை, மாதவிலக்கும் நின்னுபோச்சு. பத்து வருஷமா யாரும் அதைக் கேட்கலை. கேட்ட ஒரு டாக்டர் ஃப்ரீ டி4, காலை கார்டிசால் ரெண்டும் எழுதிக் கொடுத்தார். ரெண்டுமே குறைவு.

இதுல ஒரு எச்சரிக்கை. கார்டிசால் குறைவா இருக்கும்போது தைராய்டு மாத்திரையை முதல்ல ஆரம்பிச்சா உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு முதலில், தைராய்டு மாத்திரை பிறகு. பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்கிப் போடாதீங்க.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது ரிப்போர்ட்டோட சேர்த்து உங்க பிரசவக் கதையையும் சொல்லுங்க.