பச்சிளங் குழந்தையின் கண்ணில் சுர்மா

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் ஆற்றிய உரை)

 

நபி (ஸல்) அவர்கள் இஸ்மித் எனும் சுர்மாவை இடும்படி கூறியதை நாம் அறிவோம். ஆனால் இன்று அப்பெயரில் விற்கப்படும் பொடிகளைச் சோதனைக்கூடங்களில் ஆராய்ந்தபோது, பலவற்றில் பெரும்பகுதி கலீனா எனப்படும் ஈயக் கல்லாகவே இருந்தது. இரண்டும் கறுத்து மின்னுபவை; பார்த்துப் பிரித்தறிய இயலாது. அமெரிக்காவில் சுர்மா விற்கவே அனுமதியில்லை.

ஈயம் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு எலும்பிலும் மூளையிலும் புகுந்துகொள்கிறது. பெரியவரின் குடலைவிடக் குழந்தையின் குடல் அதை நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். குழந்தை கண்ணைக் கசக்கும். அந்தக் கையை வாயில் வைக்கும். வேறு வழி தேவையில்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் ஈயம் மிகுந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. அந்த ஈயம் சுர்மாவிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000ஆம் ஆண்டில்தான் நின்றது. பெயிண்டில் அதற்குப் பின்னும் இருந்தது.

“தூங்கும்போது மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்ளுமாமே, ஹஜ்ரத்! ஈயமும் அதோடு போய்விடாதா?” என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இரத்தக் குழாய்களை ஒட்டி நீர் பாய்ந்து கழிவை அகற்றும் ஏற்பாட்டை 2012இல் விஞ்ஞானிகள் எலிகளிடம் விளக்கினர். ஆனால் அந்த ஓட்டத்திற்குத் துணைநிற்கும் நட்சத்திர வடிவ செல்களிலேயே ஈயம் தேங்குகிறது. கழுவ வேண்டிய இடமே கறைபட்டால் என்ன செய்வது? எலும்பில் தங்கியதோ பல்லாண்டுகள் நீங்காது. கர்ப்பிணியின் எலும்பிலிருந்து கருவிலுள்ள சிசுவுக்கும் செல்லும்.

வேகவதியில் கலக்கும் சாயக்கழிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அலமாரியிலுள்ள குப்பியைப் பற்றிப் பேசுவதில்லை. என் மூத்த மகளுக்கு நாற்பதாம் நாளன்று நானே சுர்மா இட்டேன். ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர் அன்போடு கொடுத்த குப்பி. அதில் என்ன இருந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். பிறந்த குழந்தைக்குச் சுர்மா இடுவது ஸுன்னத் என்று நான் ஓதிய கிதாபுகளில் கண்டதில்லை. அது நம் வழக்கம், அவ்வளவே.

ஏற்கனவே இட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயச் சோதனை செய்துகொள்ளுங்கள். வரும் ரமலானில் பள்ளிவாசலில் சுர்மாக் குப்பிகள் அன்பளிப்பாக வழங்குவதை நிறுத்தி, அத்தர் மட்டும் வழங்குமாறு நிர்வாகக் குழுவினரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.