தாய்மாமன் சீரும் நீள்வீட்டுப் பெண்களும்



உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கம் ஒரு காதணி விழா நடந்தால் ஊரே மேளச் சத்தத்தில் எழுந்துவிடும். தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். பெண்கள் தாம்பாளத் தட்டுகளைத் தலையில் தூக்கி வரிசையாக வருகிறார்கள். பழம், பட்டு, நகை, வெள்ளிச் சாமான், சில இடங்களில் கழுத்தில் மாலை போட்ட கிடாய். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். பெற்ற தகப்பன் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவே. அதே பிள்ளை பெண்ணாக இருந்து வயதுக்கு வந்தால், பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டியவரும் அதே மாமன்தான்.

நமக்கு இது பழகிப்போன காட்சி. இதே உறவுக் கணக்கு கடலுக்கு அப்பால், வட அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த ஒரு மக்களிடமும் இருந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கறிஞர் கண்டுபிடித்தார். இன்று அந்த மக்களைப் பற்றியும், அவர்களையும் நம்மையும் இணைத்த அந்தக் கணக்கைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறேன்.

அந்த மக்களை வெளியார் இராக்வாய் என்று அழைத்தார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஹோடினோஷோனி, அதாவது நீள்வீட்டு மக்கள். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் ஏரிகளும் ஆறுகளும் நிறைந்த பகுதிதான் அவர்கள் நாடு. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா என்று ஐந்து நாட்டார் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். 1722 வாக்கில் தெற்கிலிருந்து வந்த டஸ்கரோரா மக்களும் சேர, அது ஆறு நாடுகளின் கூட்டமைப்பு ஆனது.

அவர்கள் வீட்டைக் கொஞ்சம் மனதில் கட்டிப் பாருங்கள். இருபதடி அகலம். நீளமோ நூறடி, சில வீடுகள் இருநூறடிகூட. மரக்கழிகளை நட்டு, மேலே வளைத்துக் கட்டி, எல்ம் மரத்தின் பட்டையைப் பலகைபோல் உரித்துப் போர்த்தியிருப்பார்கள். நடுவில் நீளமாக ஒரு நடைபாதை. அதில் வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்புக்கும் எதிரெதிராக இரண்டு குடும்பங்கள். சுவரோரம் படுக்கத் திண்ணை. உத்தரத்தில் பின்னிப் பின்னித் தொங்கவிட்ட மக்காச்சோளக் கதிர்கள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். ஒரு கிழவி, அவள் சகோதரிகள், அவர்கள் மகள்கள், மகள்களின் பிள்ளைகள். மருமகன்கள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஓநாய், கரடி, ஆமை என்று குலங்கள் உண்டு. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது. வேட்டைக்குப் போகாமல் சோம்பித் திரியும் மருமகனை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பு என்று சொல்ல அந்த வீட்டுப் பெண்களுக்கு அதிகாரம் இருந்தது. எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும் சரி, அவன் கிளம்ப வேண்டியதுதான்.

வயலும் பெண்களுடையது. மக்காச்சோளம், பயறு, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் விதைப்பார்கள். சோளத் தட்டையில் பயற்றங்கொடி ஏறும். பயற்றின் வேர் மண்ணுக்குச் சத்துக் கொடுக்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். இந்த மூன்றையும் அவர்கள் மூன்று சகோதரிகள் என்றே அழைத்தார்கள். நம் மானாவாரிக் காட்டில் சோளத்தோடு தட்டைப்பயறும் மொச்சையும் ஊடுபயிராகப் போடும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இன்றைக்கு டி. கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் கரிசல் காட்டில் பச்சைப் பசேலென்று நிற்கிறதே மக்காச்சோளம், அது அமெரிக்க மண்ணின் பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய பயிர்.

மக்காச்சோளத்தை அவர்கள் மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, கூடையில் போட்டு அலசித் தோலை நீக்குவார்கள். பிறகு குடைந்த மரத்துண்டு உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். நேரத்துக்குச் சமைத்துப் பரிமாறுவது ஒருவேளைதான், காலையில். ஆனால் அடுப்பில் சட்டி எப்போதும் இருக்கும், பசித்தவர் எடுத்துச் சாப்பிடலாம். யார் உள்ளே வந்தாலும் முதலில் சாப்பாடு வைத்துவிட்டுத்தான் பேச்சு. வந்தவர் பசியில்லாவிட்டாலும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்ல வேண்டும். மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு வாய் காப்பியாவது குடிக்காமல் விடமாட்டார்களே, அந்த வற்புறுத்தலின் குணம் அங்கேயும் உண்டு.

இனி அந்த வழக்கறிஞருக்கு வருகிறேன். பெயர் லூயிஸ் ஹென்றி மார்கன். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தவர். 1844இல் ஆல்பனி நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் செனிகா இளைஞர் ஒருவரைச் சந்தித்தார். ஈலி பார்க்கர் என்ற அந்த இளைஞர் பின்னாளில் பெரிய மனிதர் ஆனார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவில், 1865இல், தெற்குப் படையின் சரணாகதி ஒப்பந்தத்தைத் தன் கையால் எழுதியவர் அவர்தான். பார்க்கரும் அவர் குடும்பத்தாரும் வழிகாட்ட, 1851இல் மார்கன் இராக்வாய் கூட்டமைப்பைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதைப் பார்க்கருக்கே காணிக்கையாக்கினார். அந்த மக்களின் நிலத்தைப் பறிக்க முனைந்த கம்பெனிக்கு எதிராக அவர்கள் பக்கம் நின்றதால், செனிகா மக்கள் அவரைத் தங்கள் பருந்துக் குலத்தில் தத்து எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நீள்வீடுகளில் மார்கனைத் திகைக்க வைத்தது உறவுமுறைதான். அம்மாவின் சகோதரியையும் அவர்கள் அம்மா என்கிறார்கள். அப்பாவின் சகோதரரையும் அப்பா என்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் கூடப் பிறந்தவர்கள். அதிலும் மூத்தவர், இளையவர் என்று தனித்தனிச் சொல். ஆனால் அம்மாவின் சகோதரர் வேறு, அப்பாவின் சகோதரி வேறு. அவர்கள் பிள்ளைகளும் வேறு வகை. ஆங்கிலத்தில் வளர்ந்த மார்கனுக்கு இது விசித்திரம். முதலில் இது இராக்வாய் மக்களுக்கு மட்டுமே உரிய கற்பனை என்று நினைத்தார். 1858இல் மிச்சிகன் பக்கம் போனபோது, முற்றிலும் வேறு மொழி பேசும் ஒஜிப்வே மக்களிடமும் இதையே கண்டார். அதன்பிறகு ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் தயாரித்து உலகம் முழுக்க அனுப்பத் தொடங்கினார்.

1859இல் அவருக்குத் தமிழரின் உறவுமுறை தெரியவந்தது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார்கள் அதை அவருக்குச் சொன்னார்கள். பெரியம்மா, சின்னம்மா. பெரியப்பா, சித்தப்பா. அந்தப் பக்கம் மாமா, அத்தை. இந்தப் பக்கம் அண்ணன், தம்பி. அந்தப் பக்கம் மச்சான், மதினி. படித்துப் பார்த்த மார்கனுக்கு நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். செனிகா கிழவிகள் அவருக்குச் சொன்ன அதே கணக்கு! 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெருநூலில் இராக்வாய் முறையும் தமிழ் முறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உலகத்தில் உறவுமுறை ஆய்வு என்ற துறையே அந்த நூலோடுதான் பிறந்தது. தமிழரின் மாமன் மச்சான் முறை அந்தத் துறையின் அடிக்கல்களில் ஒன்று. நம் பள்ளிப் பாடத்தில் இதைச் சொல்லித் தருவதில்லை, சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

முறை ஒன்றாக இருக்கிறது, அதனால் அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று மார்கன் எழுதினார். அந்தச் சான்று நிற்கவில்லை. தொடர்பே இல்லாத மக்களிடமும் இப்படிப்பட்ட கணக்கு தனித்தனியாக உருவாகலாம் என்று இப்போது தெரியும். மேலும், ஒரே ஓர் இடத்தில் இரண்டும் பிரிகின்றன. அதை அவரே குறித்து வைத்தார், காரணம்தான் அவருக்குப் பிடிபடவில்லை.

கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் ஓர் ஆண். உங்கள் மாமன் மகன் உங்களுக்கு மச்சான். அவர் பிள்ளை உங்களுக்கு என்ன முறை? மருமகன். மாமன் மகளின் பிள்ளை? மகன் முறை. செனிகா மக்களிடம் இது தலைகீழ். அங்கே மாமன் மகனின் பிள்ளைதான் உங்கள் மகன், மாமன் மகளின் பிள்ளை மருமகன். ஏன்? நம்மிடம் மாமன் மகள் முறைப்பெண். அவளை நான் கட்டலாம், ஆகவே அவள் பிள்ளை எனக்குப் பிள்ளை. மச்சான் கட்டுவது என் அக்கா தங்கை முறைக்காரியை, ஆகவே அவர் பிள்ளை என் மருமகன். இராக்வாய் மக்களிடம் அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமே கிடையாது. நம் கணக்கின் அச்சாணி கல்யாணம். அவர்களுடையது அப்படியில்லை.

இதைத் தெளிவாக விளக்கியவர்களில் முக்கியமானவர் லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர். அவர் அதைக் கற்றுக்கொண்ட இடம் நம் மதுரைக்கு மேற்கே. 1949, 1950ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வந்து, உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி, எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம், கோயில், பங்காளி, சம்பந்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்த நூல் 1957இல் பாரிசில் வந்தது. தாய்மாமன் சீர் வெறும் பாசம் அல்ல என்றார் அவர். என் தாத்தா காலத்தில் இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டன. என் அம்மாவின் சகோதரர் என் அப்பாவுக்கு மைத்துனர். எனக்கு அவரே மாமன். அந்தச் சம்பந்தம் ஒரு தலைமுறையோடு தீராமல் சொத்துப்போல இறங்கி வருகிறது, அதன் வட்டிதான் காதணிக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் வரும் தட்டுகள்.

மதுரையில் இது மனிதர்களோடு நிற்பதில்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். அழகர் கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வருவதையும், தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு வந்த அண்ணன் நேரம் தவறிவிட்டார் என்றுதான் மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான பேர் வைகையில் நின்று பார்ப்பது, உடன்பிறந்தவளுக்கு அண்ணன் செய்ய வேண்டிய கடமையை.

ஆனால் அண்ணன் தங்கை உறவில் இராக்வாய் மக்கள் வேறு பாதையில் போனார்கள். அங்கே தலைவர் பட்டம் மகனுக்குப் போகாது. தாய்வழியில், பெரும்பாலும் தம்பிக்கோ சகோதரியின் மகனுக்கோ போகும். கூட்டமைப்பின் சபையில் ஐம்பது பட்டங்கள். அதில் யார் உட்கார வேண்டும் என்று பெயர் சொல்பவர் குலத்தின் மூத்த பெண். தலைவர் தவறு செய்தால் மூன்று முறை எச்சரிக்கை, அப்புறமும் திருந்தாவிட்டால் பட்டத்தைப் பறிப்பவரும் அவரே. சபையில் பேசியது ஆண்கள்தான், மறுக்கவில்லை. அந்த ஆண்களைச் சபைக்கு அனுப்பிய கை பெண்ணுடையது. காரணம் எளிது: நிலம், களஞ்சியம், வீடு மூன்றும் அவளிடம் இருந்தன. படைக்கு வேண்டிய உலர்ந்த சோள மாவைப் பெண்கள் கொடுக்க மறுத்தால், படை கிளம்புவதே கஷ்டம்.

1779இல் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை, தளபதி சல்லிவன் தலைமையில், இராக்வாய் மக்களின் நாற்பது ஊர்களுக்கு மேல் எரித்தது. அறுவடைக்கு நின்ற சோளத்தையும் பழ மரங்களையும் வெட்டிச் சாய்த்தது. அந்தப் பெண்களின் வயலை அழித்தால் அந்த மக்களே குலைவார்கள் என்பது படைக்குத் தெரிந்திருந்தது. இழந்தவர்களில் பலர் கனடாவில் கிராண்ட் ஆற்றங்கரையில் 1784இல் கிடைத்த நிலத்தில் குடியேறினார்கள். டொராண்டோவில் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில்தான் அந்த ஆறு நாட்டார் இன்றும் இருக்கிறார்கள். அங்கே குலத்து மூத்த பெண்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை.

இராக்வாய் மக்களின் கதையைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், அது சரியான ஆலோசனை. அத்தை மகனைக் கட்டாவிட்டால் மாமன் முறை அழிந்துவிடுமே என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டியதில்லை. சொந்தத்தில் கட்டாமலேயே மாமனை மாமனாக, சித்தியை அம்மாவாக நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தவர்கள் இராக்வாய் மக்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 1989இல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தி, இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பத்திரப்பதிவு அலுவலகங்களில், அக்கா தங்கைகள் வந்து அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம். ஏனம்மா எழுதிக் கொடுக்கிறாய் என்று கேட்டால், நாளைக்கு என் பிள்ளைக்கு மாமன் சீர் செய்ய வேண்டாமா, பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டாமா என்பார்கள். இத்தனை தட்டுச் சீரும் அவள் விட்டுக்கொடுத்த நிலத்துக்குப் பதிலாக வருவதுபோல் ஆகிவிட்டது. சீர் மாமன் மனசைப் பொறுத்தது, இந்த ஆண்டு நூறு தட்டு வரும், மனக்கசப்பு வந்தால் ஒன்றுகூட வராது. நிலம் அப்படி வராமல் போகாது. அடுத்த காதணி விழாவுக்குத் தட்டு தூக்கிப் போகும் அண்ணன்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தங்கை பங்கை அவள் பேரில் பட்டா மாற்றிக் கொடுத்துவிட்டு, அப்புறம் மேளத்தோடு போங்கள்.