தராசில் தோற்கும் மலைச் சைக்கிள்



புக்கிட் மெர்தாஜாம் தாமான்களில் பழைய பேப்பரும் பழைய இரும்பும் வாங்கும் லாரி ஒலிபெருக்கியோடு வரும்போது, வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளும் சேர்ந்தே வெளியே வரும். கிலோவுக்கு இவ்வளவு என்று சில வெள்ளி கைக்குக் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல சைக்கிள் எடை குறைந்தது. மட்டமான சைக்கிள் கனமானது. ஆகவே இரும்புத் தராசில் மட்டமானதற்குத்தான் அதிகக் காசு!

அப்படித் தராசில் தோற்றுப்போகும் நல்ல சைக்கிள்களில் ஒரு வகை, 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் தொழிற்சாலைகளில் உருவான, அதிகம் பெயர் பெறாத மலைச் சைக்கிள்கள்.

மலைச் சைக்கிள் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் கனத்த பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் வேகமாக இறங்கினார்கள். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரு முறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயரின் காரணம் அதுதான்.

1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி கையால் செய்த ஃபிரேம்களைக் கொண்டு விற்பனையைத் தொடங்கினார்கள். அவற்றின் விலை சாமானியருக்கு எட்டவில்லை. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' வந்த பிறகே மலைச் சைக்கிள் பெரிய அளவில் கடைக்கு வந்தது. அதைச் செய்த இடம் ஜப்பான்.

வரலாறு பேசும்போது இந்தப் பெயர்களோடு நின்றுவிடுகிறோம். ஆனால் அதே காலத்தில் வேறு பலரும் உழைத்தார்கள். துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கிய ஜப்பானின் மியாத்தா, 'யூனிவேகா' என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சைக்கிள் செய்து கொடுத்தது. டயருக்குப் பேர்போன பிரிட்ஜ்ஸ்டோன், 'எம்பி-1' என்ற அருமையான மலைச் சைக்கிளைக் கொண்டுவந்தது. இன்று கியர் மாற்றிகளில் காணும் சாய்வு அமைப்பை 1964இலேயே கண்டுபிடித்தது சன்டூர் நிறுவனம். காப்புரிமை முடிந்ததும் போட்டியாளர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

1985இன் பிளாசா உடன்பாட்டுக்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியது. ஜப்பானியச் சைக்கிள்களின் விலையும் ஏறியது. வேலை தைவானுக்கு நகர்ந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் 1994இல் தன் அமெரிக்கச் சைக்கிள் வியாபாரத்தை மூடியது. தரம் குறைந்ததால் அல்ல, நாணயக் கணக்கு மாறியதால் இப்படிப் பல பெயர்கள் மறைந்தன.

சரி, வீட்டில் கிடப்பது நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரைப் பார்க்காதீர்கள்; குழாயைப் பாருங்கள். ஒரே தொழிற்சாலை பல பெயர்களுக்குச் சைக்கிள் செய்து கொடுத்த காலம் அது. ஃபிரேமில் 'குரோமோலி' என்றோ, 'டாங்கே', 'இஷிவாட்டா' என்றோ ஸ்டிக்கர் இருந்தால் அது பெரும்பாலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. நல்ல குழாய்கள் இரு முனையிலும் தடித்து, நடுவில் மெலிந்திருக்கும். அழுத்தம் அதிகம் விழும் இணைப்புகளில் பலம், மற்ற இடத்தில் எடைக் குறைவு.

ஸ்டிக்கர் உரிந்துவிட்டதா? சீட்டைத் தாங்கும் கம்பியை வெளியே இழுத்து, அதில் பொறித்த எண்ணைப் பாருங்கள். அக்கால எஃகு ஃபிரேம்களில் 27.2 அல்லது 26.8 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் மெல்லிய, உயர்ந்த குழாய். 25.4 என்றால் தடித்த, சாதாரணக் குழாய். கம்பி மெலிந்திருந்தால் குழாயின் சுவர் தடித்தது என்று பொருள்.

கம்பியை எடுத்த கையோடு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். நம் ஊர் மழைக்கு உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம். துருவைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஹேண்டலுக்குக் கீழும் பெடல் அச்சைச் சுற்றியும் விரிசல் இருந்தால் ஓட்ட வேண்டாம். பழையதெல்லாம் புதையல் அல்ல. அதையும் சொல்லியாக வேண்டும்.

விரிசல் இல்லையென்றால், டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள், சங்கிலி ஆகியவற்றை மாற்றினாலே பல சைக்கிள்கள் மீண்டும் ஓடும். 26 அங்குல டயர் இன்றும் கிடைக்கிறது. விற்று லாபம் பார்ப்பதைப் பற்றிய பேச்சல்ல இது. அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்து மகனுக்கு வாங்கித் தந்த சைக்கிளாக அது இருக்கலாம். அந்த மகனுக்கே இன்று ஒரு மகன் இருக்கலாம். தராசில் ஏறிய பிறகு அது திரும்பி வராது.

மலை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ஞாயிறு காலையில் அந்தப் பழைய சைக்கிளைத் துடைத்து, செரோக் தோக்குன் அடிவாரம் வரை பிள்ளையை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லாரி அடுத்த வாரமும் வரும். அவசரமில்லை.