பன்றிக்குத் தடிமன் தந்தவர் யார்?

தெல்லிப்பழைச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் பயிரிடும் கமக்காரர் ஒருவர், வளவின் கோடியிலே நான்கு பன்றிகளையும் வளர்க்கின்றார் என வைத்துக்கொள்வோம். ஒருநாட் காலை அவற்றுள் ஒன்று இருமுகின்றது, மூக்கு ஒழுகுகின்றது, தீனை நாடவில்லை. இரண்டொரு நாளில் நான்குக்கும் அதே நிலை. அயலார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பன்றிக் காய்ச்சல்! பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும்" என்கின்றனர். கமக்காரரோ போட்ட முதல் போய்விடுமே என்று கலங்குகின்றார்.

நேயர்களே, பன்றியின் இருமலுக்குக் காரணம் ஒன்றன்று. பற்றீரியாவாலும் வரும், வைரசாலும் வரும். முன்னதற்கு உதவும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, பின்னதற்கு உதவாது. இவற்றைக் கண்ணாற் கண்டு பிரித்தறிதல் அரிது. ஆகவேதான் மூலக்கூற்றுச் சோதனை வேண்டப்படுகின்றது. 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோயை அறிய யாழ்ப்பாணத்திலும் நடைபெற்ற பீ.சி.ஆர். சோதனையே அது. பன்றியின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் சளியை எடுத்து, அதிலுள்ள கிருமியின் மரபுப்பொருளைத் திரும்பத் திரும்ப இரட்டிக்கச் செய்வர். ஒன்று 30 தடவை இரட்டித்தால் 100 கோடிக்கு மேலாகும். கண்ணுக்குப் புலப்படாத கிருமி அப்பொழுது அகப்பட்டுவிடும்.

அம்மரபுப்பொருளின் எழுத்துகளை வரிசையாகப் படித்தால், கிருமியின் வம்சாவளியும் தெரியவரும். நமது இலங்கையிலேயே இவ்வாறு ஆராய்ந்தனர். 2003இல் சார்ஸ் வைரசைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்தவரும், இலங்கையிற் பிறந்தவருமான பேராசிரியர் மலிக் பீரிசும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும், கொல்களத்துக்கு வந்த பன்றிகளின் மாதிரிகளைச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். 2009இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா வைரசு அப்பன்றிகளிடத்தும் காணப்பட்டது. அதனை அவற்றுக்குக் கொடுத்தவர் யார்? மனிதரே! மக்களிடையே பரவிய வைரசே பன்றிகளுக்குத் தாவி, அவற்றிடையே நெடுங்காலம் நிலைக்காது அடங்கியது.

அவ்வைரசின் மூதாதையர் பன்றியினத்தில் இருந்தவை என்பது மெய்யே. அன்றியும், வெவ்வேறு வைரசுகள் பன்றியின் உடலிலே கலந்து புதிய வைரசு தோன்றவும் கூடும். ஆதலால் காவல் இருபுறமும் வேண்டும். இருமலும் காய்ச்சலும் உள்ளவர் பன்றிக் கொட்டிலுக்குப் போகலாகாது. தீன் வைக்கும் வேலையைச் சுகமாயுள்ள வேறொருவரிடம் விடுதல் வேண்டும். நோயுற்ற பன்றியை உடனே பிரித்து வைத்து, அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். தாமாகவே ஊசி வாங்கி ஏற்றுதல் பணத்துக்கும் கேடு. மருந்தின் வலிமைக்கும் கேடு.

நமது கமக்காரர் சற்றே எண்ணிப் பார்ப்பாராயின், முந்திய வாரம் தடிமனோடும் காய்ச்சலோடும் தாமே அப்பன்றிகளுக்குத் தீன் வைத்தது நினைவுக்கு வரக்கூடும். பழி பன்றியினதா, அவரதா என்பதைச் சோதனை சொல்லட்டும். அதுவரை அயலார் பொறுத்திருப்பதே முறை.