சிறு பலகையிற் பழைய விளையாட்டு



1990களின் முற்பகுதியிற் சாவகச்சேரியில் வாழ்ந்தோர் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் இல்லை, மின்கலம் கிடைப்பதும் அரிது. நிறுத்திவைத்த துவிச்சக்கரவண்டியை ஒருவர் மிதிக்க, அதன் டைனமோ ஈந்த சொற்ப மின்சாரத்தில் வானொலி பேசியது. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய வலுவைக் கொண்டு பெரிய தேவையை நிறைவேற்றிய அம்மக்களுக்கு இன்றைய பேச்சின் பொருள் அந்நியமாகத் தோன்றாது.

1978ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய டைட்டோவுக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை அமைத்தார். காசு போட்டு விளையாடும் பெட்டி அது. அதனுள் இருந்த இன்டெல் 8080 என்னும் செயலி வினாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் துடிப்புகளுடன் இயங்கியது. அக்காலப் பெட்டிகள் பழுதடைந்து அருகிவருகின்றன. பெட்டி அழிந்தால் விளையாட்டும் அழியத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. பழைய செயலிக்கு இடப்பட்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்து, அதே பயனைப் புதிய கணினியில் விளைவிக்கும் நிரலை எழுதலாம். அது இரு மொழியாருக்கு இடையில் நிற்கும் துவிபாஷியைப் போன்றது. ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகளை இவ்வாறு காக்கும் ‘மேம்’ என்னும் முயற்சியை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கினார். ஒரு கட்டளையைப் பெயர்க்கப் பல கட்டளைகள் செலவாகும். ஆதலாற் பெயர்க்கும் கருவி மூலக்கருவியினும் பன்மடங்கு வேகமுடையதாதல் வேண்டும். 2015இல் 5 டொலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை சீரோ என்னும் சிறு பலகை வினாடிக்கு 100 கோடித் துடிப்புகள் உடையது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவியே அதை இயக்கப் போதும்.

ஆயினும், வேகம் மாத்திரம் போதாது. விளையாட்டின் தொடக்கத்தில் 55 பகையுருவங்கள் நிற்கும். திரைப்படம் வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படும். ஒரு முறைக்கு ஓர் உருவமே நகரும். உருவங்கள் வீழ வீழ, எஞ்சியவற்றின் முறை விரைந்து வரும். இறுதி உருவமோ பாய்ந்தோடும். பழைய செயலியின் இயலாமையிற் பிறந்த இவ்விரைவே ஆட்டத்துக்கு உயிராயிற்று. புதிய பலகை தன் முழு வேகத்தையும் காட்டினால், ஆடுபவர் கையெடுக்குமுன் ஆட்டம் முடிந்துவிடும். எனவே நல்ல நிரல், ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடித்தபின் உரிய கணம் வரும்வரை காத்திருக்கின்றது. மூலத்தின் குறையையும் குறையென்று திருத்தாது காப்பதே அதன் அறம்.

இது விளையாட்டோடு முடியும் செய்தியன்று. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு, வேறு படியில்லாத ஏடுகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது என்றும் ஆபத்தில் இருப்பதே. கணினியில் ஏறிய எழுத்துக்கும் இவ்வாபத்து உண்டு. ‘பாமினி’ எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். எழுத்து அழியவில்லை, அதை வாசிக்கும் வழியே மறைந்தது.

விளையாட்டுப் பெட்டியைக் காக்கக் கற்கும் மாணவர், நாளை நம் ஏடுகளைக் காக்கவும் வல்லவராவர். அதற்கு வேண்டிய கருவி விலையுயர்ந்ததன்று, வேண்டியது பொறுமையே.